நாரைகளை மாற்றித் தைத்த நாள்

தியேட்டரில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "கூட்டித் துடைக்கிறதோ?" என்பதுதான். இல்லை, உடுப்பு மாற்றிவிடுகிற வேலை என்றால், "வயசான ஆக்களுக்கோ?" என்பது அடுத்த கேள்வி. இரண்டிலும் பிழையில்லை. இலங்கையிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த எங்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். நானும் பதினைந்து வருடத்துக்கு மேல் இரண்டையும் செய்தேன். அதன் பிறகுதான் நடிகர்களுக்கு உடுப்பு உடுத்திவிடுகிற வேலை கிடைத்தது. 2002 முதல் இந்த வருடம் ஓய்வு பெறும் வரை அதைத்தான் செய்தேன். அந்த வேலையைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி இங்கேயுள்ள தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். எழுதுகிறேன்.

கால்சா என்கிற பகுதியில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்த சிறிய தியேட்டர் அது. நான் அங்கே நடிகர் அறைகளைத் துப்புரவாக்கப் போனவள். ஒரு நாள் உடுப்பறையில் வேலை செய்த பெண் வரவில்லை. சட்டையின் பின்பக்கம் கிழிந்த ஒரு பாடகி அறைக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் ஊசி நூல் எடுத்துத் தைத்துவிட்டேன். தைத்ததை உடுப்பறைப் பொறுப்பாளர் சிஞ்ஞோரா ரொசாலியா, எங்கள் வழக்கில் ரொசாலியா அம்மா, வந்து பார்த்தார். கண்ணால் அல்ல, கையால். தையலின் மேல் பெருவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு விளக்குமாற்றை விட்டிட்டு வா" என்றார். என் பெயர் செல்வராணி. அது அவர் வாயில் நுழையவில்லை. அன்றிலிருந்து நான் "சில்வா" ஆனேன். (அங்கே எல்லோரும் கதைத்தது இத்தாலி மொழியிலும் சிசிலி மொழியிலும்தான். எனக்கு இப்போது அவர்கள் எல்லோரும் எங்கள் தமிழில் கதைத்ததாகத்தான் நினைவு வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.)

வேலை பழக ஒரு வருடம் பிடித்தது. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில், மேடையின் ஓரத்து இருட்டிலே நின்று ஒருவரை முழுதாக மாற்றிவிட வேண்டும். அங்கே ஒரு சின்ன நீல விளக்கு மட்டும்தான் எரியும். முதலில் போட வேண்டியது மேலே இருக்கும்படி உடுப்புகளை அடுக்கி வைக்க வேண்டும். பாவாடையை நிலத்தில் கிணறு மாதிரி வட்டமாகப் பரப்பி வைத்தால் பாடகி நடுவில் வந்து கால் வைப்பாள். நாங்கள் தூக்கிவிடுவோம். யாரும் வாய் திறக்கக் கூடாது. தோளில் தொட்டால் கையைத் தூக்கு. முதுகில் தட்டினால் முடிந்தது, போ. துவைக்க முடியாத உடுப்புகளின் கக்கத்தில் மலிவான வோட்காவைத் தண்ணீரில் கலந்து தெளிப்போம். வியர்வை மணம் போய்விடும். நான் வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பரமநாதன் மூக்கைச் சுழிப்பார்.

"நீர் வேலைக்குப் போட்டு வாறீரோ, இல்லாட்டி பாருக்குப் போட்டு வாறீரோ?"

சிஞ்ஞோரா ரொசாலியா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகக் கதைப்பார். பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும். பக்கத்தில் போன பிறகு திட்டு வாங்காமல் திரும்ப முடியாது. கழுத்தில் எப்போதும் அளவு நாடா, இடது மணிக்கட்டில் குண்டூசி குத்திய சின்னத் தலையணை. நடிகர்கள் அவருக்குப் பயப்பட்டார்கள். ஆனால் மேடையில் ஏதாவது பிழைத்தால் ஓடி வருவதும் அவரிடம்தான்.

நடிகர்கள் பயப்படுகிற விஷயம் இன்னும் நிறைய உண்டு என்பதை முதல் வாரத்திலேயே அறிந்துகொண்டேன். ஊதா நிறக் கம்பளிச் சட்டை ஒன்று போட்டுக்கொண்டு போனேன். கோமாளிப் பாட்டுகள் பாடுகிற சால்வோ, மலை மாதிரி மனிதர், அறை வாசலில் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். உள்ளே வர மாட்டேன் என்றார். இங்கே தியேட்டரில் ஊதா ஆகாது என்று சிஞ்ஞோரா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கழற்றச் சொல்லி, தன் சால்வையைத் தந்தார். சால்வோ அதற்குள் உடுப்பு கொழுவும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெடுதல் வராமலிருக்க இரும்பைத் தொடுவது இவர்கள் வழக்கம்.

நான் சொல்ல வந்தது யப்பான் ஆட்டத்தைப் பற்றி.

நூறு வருடத்துக்கு முன்பு ஐரோப்பாவில் யப்பான் மோகம் பிடித்து ஆட்டிய காலம் ஒன்று இருந்ததாம். யப்பானைக் கண்ணால் கண்டிராதவர்கள் யப்பான் பாட்டுகள் கட்டினார்கள். கடதாசிக் குடை, விசிறி, தொங்கும் விளக்கு, கிமோனோ எல்லாம் மேடைக்கு வந்தன. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், ஒரு பகிடி, ஒரு மாயவித்தை, திரும்பவும் பாட்டு. அப்படியான ஆட்டம் ஒன்று முதலாம் உலகப் போருக்கு முன்பு பலெர்மோவிலும் நடந்திருக்கிறது. அதன் பாட்டுத் தாள்களும் படங்களும் எங்கள் தியேட்டருக்குக் கிடைத்தன. நான் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அதை அன்று இருந்தபடியே திரும்ப மேடையேற்ற வேண்டும் என்று வடக்கிலிருந்து ஒரு இயக்குநர் வந்தார். பெயர் லொரேன்சோ. மரியாதையான மனிதர். எங்களிடம்கூட "தயவுசெய்து" போட்டுத்தான் கதைப்பார்.

அந்தப் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு மாதக்கணக்காகத் தைத்தோம். கூட்டுப்பாட்டுப் பெண்களுக்கு இளநீலக் கிமோனோ. முன்பக்கத்தில், மேலே வருகிற துணியில், தோளிலிருந்து பாதம் வரை வெள்ளை நாரை ஒன்று. நாரைகளைத் தனித் துணியில் பூவேலை செய்து பிறகு வைத்துத் தைத்தோம். இடுப்புப் பட்டியை ஒவ்வொரு முறையும் சுற்றிக் கட்ட நேரமிராது. அதனால் பின்முடிச்சோடு சேர்த்தே தைத்து, கொக்கி வைத்துவிட்டோம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி உண்மையாகவே யப்பான்காரி. ஹருக்கோ. இசைக் கல்லூரியில் பாட்டுப் படிக்க வந்தவள், இருபத்தைந்து வயது இருக்கும். அவளும் நானும் கதைத்தது அரைகுறை இத்தாலிதான் என்றபடியால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கும். அந்த மாரி காலத்தில் அவளுடைய தகப்பன் இறந்ததால் ஊருக்குப் போய் வந்திருந்தாள். வந்ததிலிருந்து பாட்டு நேரம் தவிர வாய் திறப்பது குறைவு.

முதற்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு எல்லோருக்கும் உடுப்பு அளவு பார்த்தோம். ஹருக்கோ என்னிடம் வந்தாள். படத்தில் உள்ளபடியே இடப்பக்கத் துணியை உள்ளே விட்டு, வலப்பக்கத்தை மேலே கொண்டுவந்து மூடினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"சிஞ்ஞோரா சில்வா, இது மற்றப் பக்கம்."

"இல்லைப் பிள்ளை, படத்திலை இப்பிடித்தான் இருக்கு. பார்."

அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். 

"எங்கடை நாட்டிலை இடப்பக்கம்தான் மேலை வரும். ஆம்பிளை, பொம்பிளை எல்லாருக்கும். வலப்பக்கம் மேலை வாறது செத்த ஆளுக்கு மட்டும். பெட்டிக்குள்ளை வைக்கேக்கை." கழுத்து ஓரத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். "போன தை மாசம் அப்பாவுக்கு நானும் அம்மாவும் இப்பிடித்தான் மூடினனாங்கள்."

 எங்களுக்கும் செத்த வீட்டுக்கென்று சில முறைகள் உண்டு. உயிரோடு இருக்கிறவருக்கு அவற்றை யாரும் செய்ய மாட்டோம், விளையாட்டுக்கும் செய்ய மாட்டோம். கிமோனோவைக் கழற்றி என் கையில் வாங்கிக்கொண்டேன்.

"நான் போடமாட்டன் எண்டு சொல்லேல்லை" என்றாள் ஹருக்கோ. "எனக்கு இந்த வேலை வேணும். ஆனா மற்றப் பிள்ளையளுக்குத் தெரியாது, அவைக்கு அது வெறும் துணி. எனக்குத் தெரியுமே."

வேலை வேண்டும் என்று அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, முடியப் போகிறது. அதைப் புதுப்பிக்க இந்த ஒப்பந்தத்தையும் காட்ட வேண்டும். அதைக் கொடுக்கிற பொலிஸ் கந்தோரான கெஸ்தூராவின் அந்த வரிசையில் கடதாசிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நிற்காத வருடமில்லை.

இஸ்திரிக்கை போட்டு உடுப்பு மினுக்குகிற அறையில் சிஞ்ஞோரா தனியாக நின்றார். போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டுத் தன் சட்டையையே குனிந்து பார்த்தார்.

"பொம்பிளையளின்ரை சட்டை எங்களுக்கு எப்பவும் வலப்பக்கம் மேலை வந்துதான் பூட்டும். அந்தக் காலத்துத் தையல்காரியும் அப்பிடி நினைச்சுத்தான் வெட்டியிருப்பாள். நானும் அப்பிடியே வெட்டினன்." பிறகு நாரையைத் தடவினார். "பக்கத்தை மாத்தினா நாரை உள்ளுக்கை போயிடும். எல்லாத்தையும் பிரிக்க வேணும்."

நேரே இயக்குநரிடம் போனார். நானும் பின்னால் போனேன். லொரேன்சோ முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்ன பதில் மோசமான பதில் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"அந்தக் காலத்து ஆக்கள் யப்பானைப் பிழையாத்தான் விளங்கினவை. அந்தப் பிழையைத்தான் நான் காட்ட வேணும். நாங்கள் திருத்தினா, அவை அப்பவே எல்லாம் தெரிஞ்ச ஆக்கள் மாதிரி ஒரு பொய்யைச் சொல்லுறம். படத்திலை இருக்கிறபடி இருக்கட்டும், தயவுசெய்து."

"அந்தப் பிள்ளைக்கு மட்டும் மாத்தலாமோ?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"வரிசையிலை ஒருத்தி மட்டும் வேற மாதிரி நிண்டா எல்லார் கண்ணும் அங்கைதான் போகும். அவவுக்குக் கஷ்டமெண்டா வேறை ஒரு ஆளைப் பாப்பம். நான் அவவைக் குறை சொல்லேல்லை."

சிஞ்ஞோரா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். நடிகர் அறைகள் இரண்டு பக்கமும் இருக்கிற நடைபாதையில், நடுவில் நின்றார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பு என்றபடியால் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. என் பக்கம் திரும்பி, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், மாடிப்படி வரைக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்:

"சில்வா, அப்ப நாங்கள் தைச்சிருக்கிறது கிமோனோ இல்லை. பிணத்துக்குப் போடுற உடுப்பு."

 ஒரு கதவுக்குள் கதிரை விழுந்த சத்தம் கேட்டது. சால்வோ பாதி முகம் பூச்சோடு வெளியே வந்தார்.

"ரொசாலியா, எந்த உடுப்பு?"

"எல்லா உடுப்பும். உம்மடையும்தான்."

சால்வோ தன் இடுப்பைப் பார்த்தார். அவர் அணிந்திருந்தது மந்திரி வேடத்துக் கறுப்புக் கிமோனோ. அதையும் மற்றவற்றின் அளவு வைத்தே வெட்டியிருந்தோம். இரண்டு கையாலும் அதைக் கழற்றி நிலத்தில் விட்டுவிட்டு, உள்ளுடுப்போடு போய்ப் படிக்கட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு அறையிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டாள். ஒருத்தி தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள். மாயவித்தைக்காரர் தான் இந்தக் கட்டடத்திலேயே நிற்க மாட்டேன் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவருடைய உடுப்பு கிமோனோகூட இல்லை.

சத்தம் கேட்டு வந்த லொரேன்சோ சரித்திரத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினார். சால்வோ கம்பியை விடாமலே அவரைப் பார்த்துக் கேட்டார்: "மாயெஸ்த்ரோ, நீங்கள் போட்டுக்கொண்டு நிப்பியளோ? அரை மணித்தியாலம்?"

லொரேன்சோ நிலத்தில் கிடந்த கறுப்புக் கிமோனோவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்லை" என்றார். பிறகு சிஞ்ஞோராவிடம், "நாளண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை முடியுமோ, தயவுசெய்து?" என்று கேட்டார்.

"கையள் தந்தா முடியும்" என்றார் சிஞ்ஞோரா. குரல் பழையபடி இறங்கியிருந்தது.

இந்தக் கலவரத்தில் ஹருக்கோவைக் காணவில்லை. தேடிப் போனேன். குடைகள் அடுக்கிய அறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை, பையைத் திறந்து திறந்து மூடினாள்.

"நான் எனக்கு மட்டும்தான் கேட்டன்" என்றாள். "இப்ப எல்லாருக்கும் கரைச்சல். எல்லாரும் என்னை வெறுக்கப் போகினம். நான் போறன், சில்வா."

"எங்கை போவாய்? இருந்து கேள். நீ சொன்னதாலை இவை பயப்பிடேல்லை. இவை எப்பவும் பயந்த ஆக்கள்தான். நான் ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு வந்த நாள் அந்த மனுசன் என்னைக் கண்டு ஓடினது உனக்குத் தெரியாது."

அவள் நம்பவில்லை. சால்வோ கம்பியைப் பிடித்தபடி நின்றதையும், மாயவித்தைக்காரர் தொப்பியோடு போனதையும் நடித்துக் காட்டினேன். எனக்கு நடிப்பு வராது. வராததாலோ என்னவோ அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊரிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

வெளியே சால்வோ நின்றார். இப்போது மேலே ஒரு துவாய். ஹருக்கோவைக் கண்டதும் குனிந்து அவள் கையை முத்தமிட்டார். "பிள்ளை, நீ எங்கடை உயிரைக் காப்பாத்தினாய்" என்றார். அதில் பகிடி கொஞ்சமும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேனே என்று நானும் அவளைப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் மேடை முழுவதும் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் இருந்து எல்லோரும் பிரித்தோம். நாரையைக் கிழிக்காமல் கழற்றுவதுதான் கஷ்டம். சின்ன வளைந்த கத்தியால் துணியின் பின்பக்கமிருந்து நூலை மட்டும் வெட்ட வேண்டும். பாடகிகளுக்குச் சிஞ்ஞோரா வெட்டுகிற வேலையைக் கொடுக்கவில்லை. வெட்டிய நூலைப் பொறுக்குகிற வேலையைத்தான் கொடுத்தார். கொக்கிகளும் பக்கம் மாற வேண்டியிருந்தது. இருந்தவை போதவில்லை. நான் வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்திலிருந்த நூல்கடைக்குப் போய் இருந்ததெல்லாம் வாங்கி வந்தேன். ஹருக்கோ நன்றாகத் தைப்பாள். எனக்குப் பக்கத்தில் இருந்து தைத்துக்கொண்டே மெதுவாகப் பாடினாள். தியேட்டர் பாட்டு இல்லை, அவர்களுடைய பாட்டு. என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் பரமநாதன் எங்கள் ஆட்களின் கடைகள் உள்ள ஒரேத்தோத் தெருவிலிருந்து ஒரு பெட்டி நிறைய மரக்கறி ரோல்ஸ் கொண்டுவந்தார். முதல் நாள் நான் நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் லீவு எடுத்து வந்தார்.

"ஆர் அந்தப் பிள்ளை?" என்று காதுக்குள் கேட்டார். காட்டினேன்.

"தகப்பனுக்கு உடுத்தின மாதிரியே தானும் உடுத்துக்கொண்டு ஆடுறதெண்டா, மனம் கேக்குமே?" என்று சொல்லிவிட்டு, முதல் ரோலை அவளுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். உறைப்புத் தாங்காமல் சால்வோவின் கண்ணால் தண்ணீர் வந்தது. ஆனாலும் மூன்று சாப்பிட்டார்.

பக்கம் மாறியபோது ஒன்று நடந்தது. முன்பு நாரைகளின் அலகு ஆடையின் நடுவைப் பார்த்தபடி இருந்தது. இப்போது வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. அதைத் திருத்த நேரமில்லை. வெள்ளோட்டத்தில் பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லா நாரைகளும் மேடையை விட்டுப் பறந்து போகப் போகிறவை மாதிரி ஒரே பக்கம் பார்த்தன. லொரேன்சோ நீண்ட நேரம் பார்த்தார். "இது நல்லாயிருக்கு" என்றார். "சரித்திரம் இல்லை. ஆனா நல்லாயிருக்கு."

முதற்காட்சி நன்றாக நடந்தது. நீல விளக்கின் கீழ் ஹருக்கோவுக்கு நான்தான் மாற்றிவிட்டேன். இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து, கொக்கியைப் போட்டு, முதுகில் தட்டினேன். ஓடிப்போனாள். அந்த வசந்த காலம் முழுவதும் ஆட்டம் நடந்தது. அவளுடைய பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது.

கடைசிக் காட்சிக்கு அவளுடைய அம்மா யப்பானிலிருந்து வந்திருந்தார். மெலிந்த சின்ன உருவம், சாம்பல் நிறக் கோட்டு. நான் மேடை ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். தலையில் சாப்பாட்டுக் குச்சி செருகிய பொய்முடிகளைப் பார்த்துச் சிரித்தார். யப்பான் மொழி என்று சொல்லி அர்த்தமில்லாத சொற்களால் கட்டிய பாட்டுக்குக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சால்வோ அன்றைக்கு அந்த அம்மாவுக்காகவே நடித்தார் என்று சொல்ல வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் ஹருக்கோ அவரை உடுப்பறைக்குக் கூட்டிவந்தாள். வெளியாட்கள் அங்கே வரக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் சிஞ்ஞோரா ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா அதில் இருக்கவில்லை. இளநீலக் கிமோனோக்கள் கொழுவியிருந்த இடத்துக்குப் போய், மகளுடையதைக் கண்டுபிடித்து, கழுத்து ஓரத்தில் இரண்டு விரலால் தொட்டார். அவர் ஏதோ சொல்ல, ஹருக்கோ எங்களுக்கு இத்தாலியில் சொன்னாள்.

"அம்மா சொல்லுறா, எல்லாம் பிழையாம். முடி பிழை, குடை பிழை, நடை பிழை, பாட்டு சரியான பிழை. இவ்வளவு நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் வயிறு நோகச் சிரிச்சவாவாம்."

சிஞ்ஞோரா தலையாட்டினார்.

அம்மா திரும்பவும் கழுத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் கதைத்தார். இந்த முறை சிரிக்கவில்லை.  ஹருக்கோ கிமோனோவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"திரை திறக்கேக்கை முதல் இதைத்தான் பாத்தவாவாம், எந்தப் பக்கம் மேலை எண்டு. பயந்து பயந்து பாத்தவாவாம். ஆனா மேடையிலை நிண்ட அவ்வளவு பேரும் உயிரோடை நிண்டவையாம்."

அந்த அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். நான் கைகூப்பினேன். சிஞ்ஞோராவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கழுத்து நாடாவைப் பிடித்துக்கொண்டு அவரும் கொஞ்சம் குனிந்தார்.

அவர்கள் போன பிறகு சிஞ்ஞோரா அந்தக் கிமோனோவைக் கொழுவியிலிருந்து எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, அம்மா தொட்ட இடத்தைப் பார்த்தார்.

"கழுத்திலை பூச்சுப் பட்டிருக்கு" என்றார், எப்போதும் போல மெதுவாக. "நாளைக்குக் கையாலை துவை. மெஷினிலை போடாதை."

"ஓம் சிஞ்ஞோரா" என்றேன்.